ஆவணியில் காய் குவிந்தால்: கொழும்பு வீட்டுத் தோட்டத்து மரக்கறியைச் சமைப்பதும் பேக் பண்ணுவதும்

ஆவணி பிறந்தால் கொழும்பில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே பிரச்சினைதான்: எல்லாம் ஒன்றாகக் காய்க்கும். மே மாதம் தொடங்கிய தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை மெல்ல ஓய்ந்து, ஒக்டோபரில் பின்னேரம் பின்னேரமாக இடியோடு கொட்டுகிற மழை தொடங்குவதற்கு இடையில், செடிக்கு நல்ல வெயில் கிடைக்கிற கிழமைகள் இவை. வெண்டி, கத்தரி, பயிற்றங்காய், புடலங்காய், பாகல், கறிமிளகாய், தக்காளி, வேலியோரம் படர்ந்த பூசணி. தெஹிவளையில் பின்வளவு உள்ளவருக்கும் சரி, வெள்ளவத்தையில் மொட்டை மாடியில் தொட்டி வைத்தவருக்கும் சரி, ஒரு வீடு சாப்பிடக்கூடியதை விடக் கூடுதலாகவே வரும்.

2022இல் காஸும் மரக்கறியும் தட்டுப்பாடாக இருந்தபோது பழைய பெயின்ற் வாளியில்கூட நட்டுப் பழகினோம். அந்த வருடம் ஜூனில், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். அப்போது தொடங்கிய நிறையப் பேர் பிறகு விட்டுவிட்டார்கள். விடாமல் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் பறித்த காய் பிரிஜ்ஜின் அடித்தட்டில் கிடந்து அழுகுவதைப் பார்ப்பது உண்மையிலேயே மனதுக்குக் கஷ்டம்.

நான் சொல்ல வருவது ஒரு விஷயம்தான். தோட்டத்துக் காயைக் கையில் எடுத்ததும், என்ன மசாலா போடலாம் என்பதற்கு முன்னால், இதில் இருக்கிற தண்ணீரை என்ன செய்யப்போகிறேன் என்று கேளுங்கள். தக்காளியில் 94 வீதமளவு தண்ணீர், கத்தரிக்காயில் 92, வெண்டிக்காயில் 90. அன்றைக்குப் பறித்ததில் அந்தத் தண்ணீர் அப்படியே இருக்கும். சந்தைக்காய் தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்து, பேலியகொடை மனிங் சந்தையில் இறங்கி, கடையில் ஒரு நாள் இருந்து நம் கைக்கு வருவதற்குள் கொஞ்சம் வாடியிருக்கும். அதைச் சமைத்துப் பழகிய அளவிலேயே தோட்டத்துக் காயையும் சமைத்தால் கறி தண்ணீராகும், வறை களியாகும், பணிஸ் உள்ளே ஈரமாகவே நிற்கும். போதாததற்குக் கொழும்புக் காற்றிலும் ஈரம், 70, 80 வீதம். தண்ணீரை விரட்டுவதா, உள்ளேயே பூட்டுவதா, அதையே குழம்பாக்குவதா என்று காயைப் பார்த்து முடிவெடுத்தால் மற்றதெல்லாம் சுலபம்.

பறிக்கிற நேரம்

விடிய, வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். அப்போது காய் இறுக்கமாக இருக்கும்.

வெண்டியை ஒன்றுவிட்ட ஒரு நாள் பார்த்தே ஆகவேண்டும். சுட்டுவிரல் நீளம் போதும், அதற்கு மேல் விட்டால் நார் விழுந்துவிடும். நுனியை மடித்தால் டக்கென்று முறியவேண்டும். வளைந்து கொடுத்தால் அதைக் கறிக்கு எடுக்காமல் விதைக்கு விட்டுவிடுங்கள். பயிற்றங்காயை உள்ளே விதை புடைத்துத் தெரிவதற்கு முன் எடுக்கவேண்டும். கத்தரிக்காயின் தோல் மினுங்கவேண்டும், பெருவிரலால் அமர்த்தினால் அந்த இடம் திரும்ப எழும்பவேண்டும். மினுக்கம் போய்விட்டதென்றால் உள்ளே விதை முற்றிக் கசக்கத் தொடங்கிவிட்டது.

தக்காளி முழுதாகச் சிவக்கும்வரை செடியில் காத்திருக்கத் தேவையில்லை. காய்ந்து கிடந்த மண்ணில் ஒரு மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும், அணிலும் குருவியும் வேறு பார்த்துக்கொண்டிருக்கும். நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து, காம்பு கீழே இருக்க, குசினி மேசையில் வையுங்கள், நன்றாகவே பழுக்கும். பழுக்கும்வரை பிரிஜ்ஜில் மட்டும் வைக்கவேண்டாம், குளிரில் அதன் மணம் உண்டாவது நின்றுவிடும்.

பறித்ததும் எதையும் கழுவவேண்டாம். ஈரத்தோடு பையில் போட்டு வைத்த வெண்டிக்காய் அடுத்த நாளே கறுக்கும். பழைய பேப்பரில் சுற்றி பிரிஜ்ஜின் கீழ்ப்பெட்டியில் வையுங்கள்; வெண்டியும் கத்தரியும் கடும் குளிரைத் தாங்காத சாதி, எப்படி வைத்தாலும் இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். பூசணியைக் காம்போடு வெட்டி, முழுதாகக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் கிழமைக்கணக்கில் இருக்கும். ஆகவே ஒரே நாளில் எல்லாம் வந்து குவிந்தால் முதலில் கீரை, பிறகு வெண்டி, கத்தரி, பயிற்றை. பூசணி கடைசி.

வெண்டிக்காய்: தண்ணீரைக் காட்டாதீர்கள்

வெண்டிக்காயின் வழுவழுப்பு பலருக்குப் பிடிக்காது, ஆனால் பாதி நேரம் அதை நாமே வரவைக்கிறோம். வெட்டிய பிறகு கழுவுவது, மூடி போட்டு வேகவைப்பது, தொடக்கத்திலேயே உப்புப் போடுவது, இந்த மூன்றும்தான் காரணம். காயின் உள்ளே இருக்கிற பசை தண்ணீர் பட்டால் நூல் இழுக்கும். ஆகவே முழுக்காயாகக் கழுவி, துணியால் துடைத்து, விசிறியின் கீழ் கால் மணித்தியாலம் பரப்பி விடுங்கள். பிறகு இரண்டு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள், கத்தியும் பலகையும் காய்ந்திருக்கவேண்டும்.

அகலமான தாச்சியில் தேங்காயெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. நன்றாகச் சூடானபிறகு வெண்டிக்காயைப் போடுங்கள், ஆனால் தாச்சியை நிரப்பவேண்டாம். கூட்டமாகப் போட்டால் காயிலிருந்து வருகிற நீராவி போக வழியில்லாமல் அங்கேயே அவிந்துவிடும். கால் கிலோவுக்கு மேல் இருந்தால் இரண்டு தரமாகச் செய்யுங்கள், நேரம் போனாலும் பரவாயில்லை. மூடி வேண்டாம். அடிக்கடி கிளறவும் வேண்டாம், கிளறக் கிளற உடைந்து பசை வெளியே வரும். ஆறேழு நிமிடத்தில் ஓரங்கள் பழுப்பாகும். அப்போதுதான் உப்பு, மஞ்சள், கொஞ்சம் கறித்தூள். இதை அப்படியே சோற்றோடு சாப்பிடலாம்.

பால்கறி வேண்டுமென்றால் இதே வதக்கிய வெண்டிக்காயைத்தான் எடுக்கவேண்டும். வேறொரு சட்டியில் தேங்காயின் இரண்டாம் பாலும் மூன்றாம் பாலுமாக ஒன்றரைக் கோப்பை விட்டு, வெட்டிய சின்ன வெங்காயம் ஆறு, பச்சை மிளகாய் இரண்டு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை போட்டுக் கொதிக்கவிடுங்கள். வெங்காயம் அவிந்ததும் வெண்டிக்காய், மூன்று நிமிடம். பிறகு முதற்பால் அரைக் கோப்பை விட்டு, ஓரம் நுரைத்து வரும்போதே இறக்கிவிடவேண்டும், முதற்பால் தளதளவென்று கொதித்தால் திரைந்துவிடும். தேசிக்காய்ப்புளி அடுப்பால் இறக்கியபிறகு. புளி மிச்சசொச்ச வழுவழுப்பையும் வெட்டிவிடும்.

கத்தரிக்காய் மோஜு, அளவோடு

பொரித்த கத்தரிக்காயைக் கடுகும் வினாகிரியும் சீனியும் போட்டுப் பிரட்டுவதுதான் மோஜு. கத்தரிக்காய் பஞ்சு மாதிரி. வெட்டி அப்படியே எண்ணெயில் போட்டால் குடித்துக்கொண்டே இருக்கும், கையில் எடுத்தால் எண்ணெய் வடியும். முன்கூட்டியே உப்புப் போட்டு வைப்பது கசப்பை எடுக்க என்று சொல்வார்கள். அதைவிட முக்கியமான காரணம், உப்பு தண்ணீரை வெளியே இழுத்து உள்ளே இருக்கிற காற்றறைகளை அமுக்கிவிடுகிறது, பிறகு எண்ணெய் குடிக்க இடமில்லை. இளம் கத்தரிக்காய்க்குக் கசப்பே இல்லாவிட்டாலும் இந்த வேலையைத் தவறவிடவேண்டாம்.

அரைக் கிலோ கத்தரிக்காயை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, ஒரு தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் பிரட்டி, இருபது நிமிடம் வைத்துப் பிழிந்து, துணியில் ஒற்றி எடுங்கள். ஒரு துண்டைப் போட்டால் உடனே பொங்கி மேலே வருகிற அளவுக்கு எண்ணெய் சூடாக இருக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நல்ல கபில நிறம் வரும்வரை பொரியுங்கள். இளம் நிறத்தில் எடுத்தால் வினாகிரி பட்டதும் குழைந்துவிடும், அதனால் பயப்படாமல் இன்னும் கொஞ்சம் விடுங்கள். அதே எண்ணெயில் உரித்த சின்ன வெங்காயம் 150 கிராம், கீறிய பச்சை மிளகாய் ஆறு, கறிமிளகாய் காய்த்திருந்தால் அதிலும் இரண்டு.

இனிக் கடுகு. ஒரு மேசைக்கரண்டி கடுகு, உள்ளி நான்கு பல், சிறு துண்டு இஞ்சி. இதை முதலில் ஒரு மேசைக்கரண்டி பச்சைத்தண்ணீரில் அரைத்து, பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு வினாகிரி சேருங்கள். கடுகின் காரம் அரைபட்டுத் தண்ணீர் சேர்ந்தபிறகுதான் உண்டாகிறது, எடுத்த எடுப்பிலேயே வினாகிரியில் அரைத்தால் அந்த மூக்கில் ஏறுகிற காரம் சரியாக வராது. இது அச்சாறுக்கும் பொருந்தும். தென்னை வினாகிரி நான்கு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, சீனி இரண்டு தேக்கரண்டி, உப்புப் பார்த்து. இந்தக் கூட்டைச் சட்டியில் ஒரு நிமிடம் சூடாக்கி, பொரித்ததெல்லாம் போட்டுப் பிரட்டி இறக்குங்கள். அன்றைக்கே சாப்பிடலாம், ஆனால் மறுநாள்தான் ருசி. சுத்தமான கண்ணாடிப் போத்தலில், ஈரமில்லாத கரண்டி போட்டு எடுத்தால், பிரிஜ்ஜில் ஒரு கிழமைக்கு மேல் நன்றாக இருக்கும்.

நிறைய எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் பிழிந்த கத்தரிக்காயில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் பிரட்டி, ட்ரேயில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, 220 பாகையில் 25 நிமிடம் ஓவனில் வைக்கலாம், நடுவில் ஒருதரம் புரட்டிவிடவேண்டும். பொரித்த ருசி முழுதாக வராது, ஆனால் நல்ல மாற்று.

புடலங்காய், பீர்க்கங்காய், சுரைக்காய்

இவற்றுக்குத் தண்ணீரே ஊற்றவேண்டாம், அதுதான் விதி. வெட்டிப் போட்டு, உப்புத் தூவி, மூடி மெல்லிய நெருப்பில் வைத்தால் தன் தண்ணீரிலேயே அவியும். அது வற்றுகிற தறுவாயில் முதற்பால் மட்டும் விட்டு இறக்கினால் கறி திக்காக வரும். புடலங்காயோடு ஒரு பிடி மைசூர்ப் பருப்பைச் சேர்த்தால் இன்னும் நல்லது, வருகிற தண்ணீரைப் பருப்பு எடுத்துக்கொள்ளும். பீர்க்கங்காயின் தோலை எறியவேண்டாம், செத்தல் மிளகாய், பழப்புளி, தேங்காய்ப்பூவோடு வதக்கி அரைத்தால் அருமையான சம்பல்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கவனமாக வாசியுங்கள். சுரைக்காயை வெட்டியதும் ஒரு சிறு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கடுமையாகக் கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயை முழுதாக எறிந்துவிடுங்கள். குக்குர்பிட்டசின் என்கிற நச்சுப்பொருள் கூடினால்தான் அப்படிக் கசக்கும், அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது, வாந்தியும் வயிற்றோட்டமும் கடுமையாக வரும். தானாக முளைத்த கொடியிலிருந்து வருகிற காய்களில் இன்னும் கவனம் வேண்டும். பாகற்காயின் கசப்பு வேறு, அதற்குப் பயமில்லை.

சுரைக்காய் கூடிப்போனால் கேக் செய்யலாம். கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள், சாப்பிட்டபிறகு எதைப் போட்டீர்கள் என்று கேட்பார்கள், ஏனென்றால் சுரைக்காய்க்கென்று பெரிய ருசி இல்லை, கேக்கை ஈரலிப்பாக வைத்திருப்பதுதான் அதன் வேலை. இளம் சுரைக்காயைத் தோல் சீவித் துருவி, கையால் மிதமாகப் பிழிந்து 200 கிராம் எடுங்கள். மிதமாக என்பதுதான் முக்கியம், சக்கையாகப் பிழிந்தால் கேக் வறண்டுபோகும், பிழியாமல் போட்டால் அடி களிப்பிடிக்கும். கோதுமை மா 190 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, எல்லாம் சேர்த்து அரித்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டை, சிவப்புச் சீனி 150 கிராம், மணமில்லாத எண்ணெய் 120 மில்லிலீற்றர் அடித்து, சுரைக்காயைச் சேர்த்து, கடைசியில் மாவைப் போட்டு, வெள்ளை தெரியாமல் கலந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒரு பிடி கஜு. பாண் வார்க்கிற நீளத் தட்டில் 175 பாகையில் 50 நிமிடமளவு. ஈர்க்கு குத்தி எடுத்தால் ஒட்டாமல் வரவேண்டும். முழுதாக ஆறியபிறகு வெட்டுங்கள். கொழும்பு வெக்கையில் இரண்டு நாளுக்கு மேல் வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், மிச்சத்தைத் துண்டாக்கி பிரீசரில் போடலாம்.

கீரை

சுருக்கமாகச் சொல்கிறேன். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, எதுவானாலும் கழுவி நன்றாக உதறி, நனைந்த துணி மாதிரி இல்லாமல் காயவிட்டு, மெல்லியதாக அரிந்துகொள்ளுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், மாசித்தூள் சேர்ப்பவர்கள் மாசித்தூள், தேங்காய்ப்பூ, மஞ்சள், உப்பு எல்லாம் கையால் பிசைந்து, சூடான சட்டியில் மூடாமல் இரண்டு மூன்று நிமிடம் கிளறினால் போதும். முருங்கையிலைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம். தேசிக்காயை இறக்கி ஆறியபிறகு, சாப்பிடப்போகும்போது பிழியுங்கள். சூட்டில் புளி பட்டால் பச்சை நிறம் மங்கி மண்ணிறமாகிவிடும். வல்லாரையைச் சமைக்காமலே சம்பலாகப் போடுவது எனக்கு இன்னும் பிடிக்கும்.

பூசணி மாவில் மரக்கறி பணிஸ்

பின்னேரத் தேத்தண்ணீருக்கு இதைவிட நல்லது என்னிடம் இல்லை. கடையில் விற்கிற மரக்கறி பணிஸில் உருளைக்கிழங்குதான் நிறைய. வீட்டில் செய்தால் உள்ளே தோட்டம் முழுவதையும் வைக்கலாம், பூசணியை மாவுக்குள்ளேயே போட்டுவிடலாம்.

முதல் பூசணி. தண்ணீரில் அவிக்கவேண்டாம், ஆவியில் அவியுங்கள். மசித்தபிறகு சட்டியில் போட்டு ஐந்து நிமிடம் கிளறி ஈரத்தைப் போக்கி, ஆறவிட்டு 200 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூசணியும் ஒவ்வொரு மாதிரி. சில காய் மாப்பிடிப்பாக இருக்கும், சிலது தண்ணீராக ஓடும். அதனால்தான் கீழே பாலின் அளவை ஒரே எண்ணாகச் சொல்லவில்லை.

கோதுமை மா 500 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சீனி 40 கிராம், உப்பு 8 கிராம், முட்டை ஒன்று, பூசணி. பாலை விரல் வைத்தால் இதமாகத் தெரிகிற சூட்டில் எடுத்து (கை சுடுகிற சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும்) முதலில் 80 மில்லிலீற்றர் மட்டும் விட்டுப் பிசையுங்கள். மா சேரவில்லையென்றால் ஒவ்வொரு மேசைக்கரண்டியாகக் கூட்டுங்கள், 130ஐத் தாண்டத் தேவை வராது. எல்லாம் சேர்ந்து உருண்டதும் 50 கிராம் பட்டர் அல்லது மாஜரின். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசையவேண்டும். முதலில் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், அப்போது பயந்து மேலும் மாவைக் கொட்டிவிடாதீர்கள். கொட்டினால் பணிஸ் மறுநாளே கல்லாகிவிடும். ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டுத் திரும்பப் பிசைந்தால் தானாகவே வழிக்கு வரும். ஒரு துண்டை இழுத்தால் கிழியாமல் மெல்லிய படலமாக வரவேண்டும்.

குளிர் நாட்டுச் சமையல் குறிப்புகளில் மாவை இரண்டு மணித்தியாலம் பொங்கவிடுங்கள் என்று எழுதியிருக்கும். நம் குசினி 30 பாகை, இங்கே 45 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். மணிக்கூட்டை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். கூடுதலாகப் பொங்கினால் புளித்த மணம் வரும், பேக் பண்ணும்போது அமர்ந்துபோகும்.

மா பொங்குகிற நேரத்தில் உள்ளே வைக்கிற கறி. உருளைக்கிழங்கு 300 கிராம் அவித்து உதிர்த்து வையுங்கள், இது மற்றக் காய்களின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளி, கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் வதக்கி, மிகச் சிறிதாக அரிந்த பயிற்றங்காய் 150 கிராம், கறிமிளகாய் 100 கிராம் போட்டு, மூடாமல், அடியில் ஒரு சொட்டு நீரும் தெரியாத வரை வதக்குங்கள். கறித்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு. கடைசியில் கிழங்கு, இறக்கித் தேசிக்காய். தக்காளி போடவே வேண்டாம். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உருண்டையாக விழவேண்டும், வழுகி விழுந்தால் இன்னும் வற்றவேண்டும். முழுதாக ஆறிய பிறகே மாவுக்குள் வையுங்கள். சூடாக வைத்தால் ஆவி உள்ளேயே நீராகி அடிப்பக்கம் ஈரித்துவிடும், பணிஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

மாவைப் 14 உருண்டையாக்குங்கள், ஒன்று 70 கிராமளவு வரும். ஓரம் மெல்லியதாகவும் நடு கொஞ்சம் தடிப்பாகவும் தட்டி, ஒரு குவிந்த மேசைக்கரண்டி கறி வைத்து, ஓரத்தை இழுத்துச் சேர்த்துக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே இருக்க ட்ரேயில் அடுக்குங்கள். மூடி 25 நிமிடம். மேலே முட்டை பூசி 190 பாகையில் 16இலிருந்து 18 நிமிடம். எடுத்ததும் கம்பித்தட்டில் வைத்து ஆறவிடுங்கள், ட்ரேயிலேயே விட்டால் அடி வியர்த்துவிடும்.

மேசையில் வைக்கிற சிறிய ஓவன்தான் பலரிடம் இருக்கிறது. அதில் மேல்கம்பி கிட்டத்தில் இருப்பதால் மேற்பக்கம் கறுத்து உள்ளே வேகாமல் போகும். ட்ரேயைக் கீழ்த்தட்டில் வையுங்கள், கால் மணித்தியாலம் முன்கூட்டியே சூடாக்குங்கள், மேலே நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள். காட்டுகிற சூடும் உள்ளே இருக்கிற சூடும் இருபது பாகைகூட வித்தியாசப்படலாம், உள்ளே வைக்கிற ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கினால் அந்தக் காசுக்கு அது பெறுமதி.

கரண்ட் பில்லை நினைத்து இன்னொரு யோசனை. ஓவனைச் சூடாக்குகிற நாளில் ஒன்றை மட்டும் பேக் பண்ணவேண்டாம். முதலில் 220இல் கத்தரிக்காய், பிறகு 190இல் பணிஸ், பிறகு 175இல் சுரைக்காய் கேக், கடைசியில் 150க்குக் குறைத்துத் தக்காளி. தக்காளியைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்க, உப்பு, கொஞ்சம் எண்ணெய், உள்ளி, கறிவேப்பிலை போட்டு ஒன்றரை மணித்தியாலம் விட்டால் சுருங்கி, இனிப்பும் புளிப்புமாக வரும். இடியப்பத்துக்குச் சொதி வைக்கும்போது இரண்டு போட்டுப் பாருங்கள். ஒரு விஷயம்: இதை எண்ணெயில் மூழ்கவிட்டு அலுமாரியில் வைக்கவேண்டாம். எண்ணெய்க்குள் காற்றில்லாத இடத்தில், அறை வெப்பத்தில், உள்ளியும் காயும் கிடந்தால் பொட்டுலிசம் என்கிற உயிருக்கு ஆபத்தான நோயைத் தருகிற நஞ்சு உண்டாகலாம், மணத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரிஜ்ஜில் நான்கு நாள், அல்லது பிரீசர்.

மழைக்கு முன் எடுத்து வைப்பவை

யாழ்ப்பாணத்து வெயிலில் பாகற்காய் வற்றலும் மோர்மிளகாயும் சலசலவென்று காயும். கொழும்பில் காய்ந்தது போலத் தெரியும், இரவுக் காற்றில் திரும்ப இளகிவிடும், மூன்றாம் நாள் பூஞ்சணம். ஆகவே பாகற்காயை மெல்லிய வளையமாக வெட்டி உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பிழிந்து, பகலில் வெயிலில் வைத்து, நாலு மணிக்கு முன் உள்ளே எடுத்து, அன்றைக்கே ஓவனில் 80 பாகையில் கதவை ஒரு அகப்பைக் காம்பளவு திறந்து வைத்து முடித்துவிடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கலாம். மடித்தால் ஒடியவேண்டும். ஆறியவுடன் காற்றுப் புகாத போத்தலில் அடையுங்கள், மேசையில் விட்டுவிட்டுப் போனால் செய்த வேலை வீண்.

பயிற்றங்காயை வெட்டி, கொதிக்கிற உப்புத்தண்ணீரில் இரண்டு நிமிடம், உடனே ஐஸ்தண்ணீர், பிறகு துணியில் பரப்பி நன்றாகத் துவட்டி, ட்ரேயில் தனித்தனியாக உறையவைத்த பிறகு பையில் போடுங்கள். துவட்டாமல் போட்டால் ஒரே கட்டியாகும். எடுத்து வறை செய்யும்போது உருகவிடாமல் அப்படியே சூடான தாச்சியில் போடவேண்டும். மசித்த பூசணியை 200 கிராம் பைகளாகப் பிரித்து, மேலே திகதி எழுதி வைத்தால் அடுத்த பணிஸுக்கு நிறுக்கிற வேலை மிச்சம்.

பச்சை மிளகாயும் கறிமிளகாயும் இன்னும் மிஞ்சியிருந்தால் அச்சாறு. கீறிய மிளகாய், உரித்த சின்ன வெங்காயம், விரலளவு கரட், எல்லாவற்றையும் கொதிக்கிற வினாகிரியில் ஒரு நிமிடம் போட்டு வடித்து ஆறவிட்டு, மேலே சொன்னபடி அரைத்த கடுகு, சீனி, உப்பு, விதை நீக்கிய பேரீச்சம்பழம் சேர்த்துப் பிரட்டுங்கள். வினாகிரிப் போத்தலில் அமிலம் 4 வீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வீட்டில் தண்ணீர் கலந்து பெருக்கவேண்டாம். போத்தலைக் கொதிநீரில் போட்டெடுத்து முழுதாகக் காயவிட்டு நிரப்பி, மேலே வினாகிரி விடுங்கள், காய்கள் வினாகிரிக்கு மேலே தெரியாமல் அமர்ந்திருக்கவேண்டும். மூன்று நாள் பிரிஜ்ஜில் ஊறியதும் திறக்கலாம், மஞ்சள் சோற்றோடு முதலில் பரிமாறிப் பாருங்கள்.